கிழக்குத் திமோர் எழுந்து நின்றது யாரால்?

மணல்மேட்டான்:

2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் கிழக்குத் திமோரை ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள் என்று போடுகிறேன்.

போர்ச்சுக்கீசியர் ஆண்ட நாடு அது, 1975இல் இந்தோனேசியா பிடித்துக்கொண்டது. 1999 ஆகஸ்ட் 30இல் அந்த மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவை விட்டுப் போகிறோம் என்றார்கள். முடிவு வந்ததும் இந்தோனேசிய ராணுவத்தின் துணையோடு இருந்த ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. அந்த வருடத்தில் மட்டும் ஏறக்குறைய 1,400 பேர் செத்தார்கள், இரண்டரை லட்சம் பேர் மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டார்கள், நாட்டின் கட்டடங்களிலும் மின் கம்பிகளிலும் குழாய்களிலும் சுமார் 70 சதவீதம் போய்விட்டது. மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், டாக்டர், மின்சாரப் பொறியாளர் என்று வேலை தெரிந்தவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், அவர்களும் கிளம்பிவிட்டார்கள். அரசு என்று ஒன்று இல்லை, சுத்தமாக இல்லை.

அதே நாட்டில் இன்று தேர்தல் நடக்கிறது, தோற்றவர் வீட்டுக்குப் போகிறார், ஜெயித்தவர் உட்காருகிறார். ஆப்கானிஸ்தானில் இருபது வருடம் பணத்தைக் கொட்டியும் 2021இல் ஒரே மாதத்தில் எல்லாம் சரிந்தது. தெற்கு சூடான் 2011இல் பிறந்தது, 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர். திமோர் மட்டும் எப்படி நின்றது? ஆள் குறைவு, பக்கத்தில் ஆஸ்திரேலியா, ஐ.நா. தாராளமாகச் செலவழித்தது என்பதுதான் எனக்குத் தோன்றும் பதில். அவ்வளவுதானா?

பழைய பதிவாளர்:

தம்பி, நான் அங்கே இருந்தவன். 2001இல் ஐ.நா. தன்னார்வலராக மாலியானாவில், மேற்கு எல்லையை ஒட்டிய ஊர், மக்கள் பதிவு வேலை. ஆகஸ்ட் 30இல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல், அதற்கு முன்னால் நாட்டில் உள்ள ஒவ்வொருவரையும் எழுதி, படம் பிடித்து, அட்டை கொடுக்க வேண்டும். ஏழு லட்சத்துக்கு மேல் பதிந்தோம்.

ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். கூரை எரிந்துபோன பள்ளிக்கூடம், மேலே நீலத் தார்ப்பாய், ஒரு மேசை, கேமரா, அட்டைக்கு உறை போடும் லேமினேட்டர், பின்னால் ஜெனரேட்டர் சத்தம். ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். பிறந்த தேதி கேட்கிற கட்டம் படிவத்தில் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. அவர் பேசுவது கெமாக், என் மொழிபெயர்ப்பாளப் பையன் அதைத் தெத்தும் மொழியில் வாங்கி இந்தோனேசிய மொழியில் சொல்ல, இன்னொருவர் எனக்கு ஆங்கிலத்தில் சொல்வார். ஜப்பான்காரன் வந்தபோது நீங்கள் எவ்வளவு பெரிய ஆள் என்று கேட்கச் சொன்னேன். பாட்டி கையை இடுப்பில் வைத்துக் காட்டினார், அம்மா இடுப்பில் இருந்தேன் என்று. ஜப்பான் இறங்கியது 1942 பிப்ரவரியில். நான் 1941 என்று எழுதினேன். அட்டை சூடாக வெளியே வந்தது, அதில் தன் முகத்தைப் பார்த்தார், வெற்றிலை பாக்கு வைத்திருந்த துணிமுடிச்சை அவிழ்த்து உள்ளே வைத்துக் கட்டினார். எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்டார், அது மூன்று மொழி தாண்டி என்னிடம் வந்தது: இதற்கு வருடத்துக்கு எவ்வளவு வரி கட்ட வேண்டும்?

போர்ச்சுக்கீசியர் காலத்தில் தலைவரி இருந்தது. அவர் வாழ்நாளில் எழுதுகோலோடு வந்த ஆட்கள் எல்லாம் எதையாவது எடுத்துக்கொண்டு போக வந்தவர்கள்தான். கட்டடம், கொடி, அமைச்சகம் எல்லாம் அப்புறம். அந்தப் பாட்டிக்கு அரசின்மேல் நம்பிக்கை வர வைப்பதுதான் உண்மையான வேலை, அதை வெளியாள் செய்ய முடியாது என்று எனக்கு அன்றைக்கே புரிந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐ.நா. செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு, அதை யாரும் மறுக்கக்கூடாது. 1999 செப்டம்பர் 20இல் ஆஸ்திரேலியா தலைமையில் படை இறங்கியது, கொலை நின்றது. அது இல்லாவிட்டால் மற்ற எதுவுமே இல்லை. ஆனால் அதன் பிறகு வந்த ஐ.நா. இடைக்கால நிர்வாகம் வேறு கதை. பாதுகாப்பு கவுன்சிலின் 1272ஆம் தீர்மானம் சட்டம் போடுவது, ஆட்சி செய்வது, நீதி சொல்வது மூன்றையும் ஒரே மனிதர் கையில் கொடுத்தது. செர்ஜியோ வியேரா டி மெல்லோ. நல்ல மனிதர், திறமைசாலி, பின்னால் 2003இல் பாக்தாதில் குண்டுவெடிப்பில் இறந்துபோனார். ஆனாலும் இருபத்து நான்கு வருடம் காட்டில் நின்று போராடிய ஒரு இனத்தை, இந்தோனேசியா போன மறுநாள், கொஞ்சம் ஓரமாக உட்காருங்கள், நாங்கள் கட்டித் தருகிறோம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? தலைநகர் திலியின் துறைமுகத்தில் ஒலிம்பியா என்று ஒரு மிதக்கும் ஹோட்டல் கட்டி நின்றது, வெளிநாட்டு ஊழியர்கள் தங்குவதற்கு. கரையில் எரிந்த வீடுகளின் சுவர், கடலில் இரவெல்லாம் விளக்கு. டி மெல்லோவே பொதுவில் வருத்தப்பட்டுச் சொன்ன கணக்கு இது: ஐ.நா. நிர்வாகத்துக்கு ஆகிற செலவு 69 கோடி டாலர், கிழக்குத் திமோர் அரசின் மொத்த பட்ஜெட் ஆறு கோடிக்குள்.

நிலக்கடலை:

ஐயா சொன்னது கண்முன் நிற்கிறது. ஆனால் 2002 மே 20 சுதந்திரத்தோடு கதையை நிறுத்தினால் அது ஐ.நா. சொல்கிற கதையாகிவிடும். 2006ஐப் பேசாமல் திமோரை வெற்றி என்று சொல்லவே கூடாது.

நடந்தது இதுதான். ராணுவத்தில் மேற்குப் பகுதி ஆட்கள், எங்களை ஒதுக்குகிறார்கள், பதவி உயர்வு எல்லாம் கிழக்கத்திக்காரர்களுக்கே என்று மனு கொடுத்தார்கள், முகாமை விட்டு வெளியே வந்தார்கள். மொத்தப் படையே சுமார் 1,500 பேர், அதில் ஏறக்குறைய 600 பேரை மார்ச் மாதம் வேலையை விட்டு நீக்கினார்கள். நூற்றுக்கு நாற்பது பேர்! ஏப்ரல் 28இல் திலியில் கலவரம். மே 25இல் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. ராணுவம் போலீஸ் தலைமையகத்தைச் சுற்றி வளைத்தது, ஐ.நா. ஆலோசகர்கள் நடுவில் போய்ப் பேசி, போலீஸ்காரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ஐ.நா. கொடிக்குப் பின்னால் வரிசையாக நடந்து வந்தார்கள். ராணுவ வீரர்கள் சுட்டார்கள். எட்டுப் போலீஸ்காரர்கள் தெருவிலேயே செத்தார்கள். ஐ.நா. ஊர்க்கொடி மாதிரி தூக்கிப் பிடித்திருந்த அந்தத் துணிக்கு எந்த மதிப்பும் இல்லாமல் போன நாள் அது.

ஒன்றரை லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். பத்து லட்சம் மக்கள்தொகை உள்ள நாட்டில். பிரதமர் மாரி அல்கத்திரி ஜூன் 26இல் பதவி விலகினார், உள்துறை அமைச்சராக இருந்த ரொஜேரியு லொபாட்டோ பொதுமக்களுக்குத் துப்பாக்கி கொடுத்த வழக்கில் ஏழரை வருடத் தண்டனை வாங்கினார்.

இதில் ஐ.நா.வின் பங்கு என்ன? அந்தப் போலீஸை உருவாக்கியதே அவர்கள். மூன்று மாதப் பயிற்சி, அதை நடத்தியவர்கள் பல நாட்டுப் போலீஸ், ஒருவர் சொல்லிக்கொடுத்ததை அடுத்து வந்தவர் மாற்றிச் சொல்வார். இந்தோனேசியப் போலீஸில் வேலை பார்த்த சில நூறு பேரை அனுபவம் உண்டு என்று சில வாரப் பயிற்சியோடு உள்ளே எடுத்து மேலே உட்கார வைத்தார்கள். இன்னொரு பக்கம், காட்டில் சண்டை போட்ட கெரில்லாக்களை ராணுவமாக மாற்றினார்கள், வெளியே விடப்பட்டவர்கள் மனக்கசப்போடு ஊருக்குப் போனார்கள். ஆக ஒரு பக்கம் எதிரியிடம் சம்பளம் வாங்கியவன், இன்னொரு பக்கம் எதிரியோடு சண்டை போட்டவன், இருவர் கையிலும் துப்பாக்கி. இதை ஏற்பாடு செய்தவர்கள் 2005இல் மூட்டை கட்டிவிட்டார்கள். கோஃபி அன்னான் சின்னப் பாதுகாப்புப் படையாவது இருக்கட்டும் என்று கேட்டார், கவுன்சிலில் எடுபடவில்லை. கையளவு ஆலோசகர்களை விட்டுவிட்டுப் போனார்கள். ஒரே வருடத்தில் வீடு பற்றிக்கொண்டது.

மணல்மேட்டான்:

எட்டுப் போலீஸ்காரர்கள் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் தவறு சீக்கிரம் கிளம்பியதா, இல்லை போலீஸைத் தப்பாக உருவாக்கியதா? இரண்டும் வேறு வேறு நோய் இல்லையா.

பழைய பதிவாளர்:

இரண்டும்தான், ஆனால் போலீஸ்தான் வேர் என்பேன். நீங்கள் நாற்பது வருடம் இருந்தாலும் அப்படிக் கட்டிய போலீஸ் நீங்கள் கிளம்பிய அன்று உடையும். நிலக்கடலை சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன், கிழக்கு மேற்கு என்ற அந்தப் பிரிவு, லோரோசாயே, லோரோமோனு என்பார்கள், சூரியன் உதிக்கிற பக்கம், மறைகிற பக்கம், அது பழைய பகை இல்லை. நான் இருந்த காலத்தில் அதைக் கிண்டலாகச் சொல்வார்கள், சந்தையில் கடை போடுவதில் சண்டை வந்தால் சொல்வார்கள், அவ்வளவுதான். அது கொலைக்குக் காரணமாகும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆயுதம் வைத்திருக்கிற இரண்டு அமைப்பை அந்தப் பிரிவின்மேல் கொண்டுபோய் வைத்ததால்தான் அது வெடித்தது.

திரும்பி வந்தபோதும் பாருங்கள். 2006 ஆகஸ்டில் புதிய ஐ.நா. அணி, 1,600 போலீஸ் வரை அனுமதி, தலைவராக இந்தியாவின் அதுல் கரே போனார். அதற்கு முன் 2002 முதல் 2004 வரை கமலேஷ் சர்மா இருந்தார், அவரும் நம் நாட்டுக்காரர்தான். இந்தமுறை போலீஸ் அதிகாரத்தை ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. 2009 மே மாதம் கிழக்கே லவுத்தெம் மாவட்டத்தில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாக ஒப்படைத்தார்கள், முடிய 2011 மார்ச் ஆயிற்று. 2012இல் இரண்டு தேர்தலும் நடந்து முடிந்து, டிசம்பர் 31இல்தான் ஐ.நா. கிளம்பியது. முதல் தடவை பட்ட சூட்டில் கற்றுக்கொண்டது அது.

கணக்கர்:

எல்லோரும் துப்பாக்கியையே பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்தது கணக்கு, அதைச் சொல்கிறேன். 2006இல் விழுந்த நாடு 2008க்குப் பிறகு எழுந்ததற்குக் காரணம் ஐ.நா. போலீஸ் அல்ல, பெட்ரோலிய நிதியம்.

திமோர்க் கடலில் பாயு-உந்தான் எரிவாயு வயல். 2005இல் நார்வேயைப் பார்த்து ஒரு சட்டம் போட்டார்கள்: எண்ணெயில் வருகிற காசு முழுக்க முதலில் நிதியத்துக்குள் போகும், வெளிநாட்டில் முதலீடாக இருக்கும், நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தால்தான் பட்ஜெட்டுக்கு வரும், மத்திய வங்கி கணக்கைப் பொதுவில் வெளியிட வேண்டும். மொத்தச் சொத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் மட்டும் வருடத்துக்கு எடுத்தால் பேரன் காலத்திலும் இருக்கும் என்று வரம்பு. இதற்கு நார்வே ஆலோசகர்கள் உதவினார்கள், வெளிநாட்டு உதவி என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு விதியை எழுத உதவினார்கள், சாவியை உள்ளூர் நாடாளுமன்றத்திடம் கொடுத்தார்கள். நைஜீரியாவையும் ஈக்குவடோரியல் கினியாவையும் பார்த்தவனுக்குத் தெரியும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

2007இல் விடுதலைப் போராட்டத் தலைவரான சனானா குஸ்மாவோ பிரதமராக வந்ததும் அந்தக் காசில் கை வைத்தார். 2006இல் வீட்டை விட்டு ஓடி அகதி முகாமில் இருந்த குடும்பத்துக்கு, வீடு முழுவதும் அழிந்திருந்தால் 4,500 டாலர் வரை. வேலையிழந்த அந்தச் சிப்பாய்களுக்குத் தலைக்கு சுமார் 8,000 டாலர். அறுபது வயது தாண்டியவர்களுக்கு மாதம் 20 டாலர், பின்னால் 30. பழைய போராளிகளுக்குப் பென்ஷன். முகாம்கள் பத்து வருடம் இழுக்கும் என்று எல்லா நிபுணர்களும் பயந்துகொண்டிருந்தபோது இரண்டே வருடத்தில் காலியாயின.

நிலக்கடலை:

கணக்கர் அண்ணா, அதற்குப் பெயர் சமாதானத்தைக் காசு கொடுத்து வாங்குவது. முகாமை விட்டு ஓடிய சிப்பாய்க்கு 8,000, ஒழுங்காக வேலையில் இருந்தவனுக்கு என்ன? துப்பாக்கியைத் தூக்கினால் காசு வரும் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகாதா?

கணக்கர்:

ஆகும், அந்தப் பயம் எனக்கும் உண்டு. போராளிப் பென்ஷன் வருடா வருடம் ஏறி, கல்விக்கும் சுகாதாரத்துக்கும் போக வேண்டியதைத் தின்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். 2008 பிப்ரவரி 11 காலை, ஜனாதிபதி ராமோஸ் ஹோர்டாவை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள், ரெய்னாடோ என்ற கலகக்காரத் தளபதி அதே இடத்தில் செத்தார், சனானாவின் வாகனத்தின்மேலும் துப்பாக்கிச் சூடு. நாடு திரும்பவும் எரிய ஒரு தீக்குச்சி போதும். கையில் சொந்தக் காசு இருந்தது, கொடுத்து அணைத்தார்கள். அப்போது உலக வங்கியிடம் போய்த் திட்ட அறிக்கை எழுதிக் காத்திருந்தால் இரண்டு வருடம் ஆகியிருக்கும். தன் காசு, தன் முடிவு, தப்பானால் தன் பொறுப்பு. நான் அதை மதிக்கிறேன்.

வன்னித்தும்பி:

நான் இந்த இழையை நேற்றிலிருந்து வாசிக்கிறேன். 1999இல எனக்குப் பதினைந்து வயது, எங்கட ஊரில ரேடியோவைச் சுற்றியிருந்து பெரியாக்கள் திமோரைப் பற்றிக் கதைச்சது நினைவிருக்கு, அங்க நடந்த மாதிரி ஒரு நாள் எங்களுக்கும் வரும் எண்டு. அதனால எனக்கு இது வெறும் அரசியல் பாடம் இல்லை.

நீங்கள் ஒருவரும் தொடாத ஒண்டு நீதி. 2002இல் அவர்கள் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு ஒன்றை நடத்தினார்கள். 1974 முதல் 1999 வரை குறைந்தது 1,02,800 பேர் அந்த மோதலால் செத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது அந்த ஆணைக்குழுதான், அதில் பெரும்பாலோர் பசியிலும் நோயிலும் செத்தவர்கள். ஆனால் எனக்குப் பிடித்த வேலை வேறு. வீடு எரித்தவன், மாடு திருடினவன், அடித்தவன், இவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டுமே? அங்கே ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது, பெரிய பாயை விரித்து எல்லோரும் இருந்து, பிரச்சினை தீரும்வரை பாயைச் சுருட்டமாட்டார்கள். ஆணைக்குழு அந்தப் பாயை எடுத்துக்கொண்டது. எரித்தவன் பாயில் இருந்து செய்ததைச் சொல்லுவான், எரிபட்டவர் கேள்வி கேட்பார், பெரியவர்கள் வெற்றிலை மாற்றுவார்கள், அவன் இத்தனை நாள் பள்ளிக்கூடக் கூரை வேய வேண்டும், இன்ன பொருள் கொடுக்க வேண்டும் என்று முடிவாகும், அதை நீதிமன்றம் பதிவு செய்யும். ஏறக்குறைய 1,400 பேர் அப்படி ஊருக்குள் வந்தார்கள். வெளிநாட்டுக் காசும் ஐ.நா. சட்டமும் இதற்குப் பின்னால் இருந்தன, ஆனால் பாய் அவர்களுடையது. உதவி எண்டால் இப்படி இருக்கவேணும்.

கொலை செய்தவர்கள்? அங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை. ஐ.நா. அமைத்த குற்ற விசாரணைப் பிரிவு ஏறக்குறைய 400 பேர்மேல் குற்றப்பத்திரம் போட்டது. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இந்தோனேசியாவில் இருந்தார்கள், 1999இல் இந்தோனேசிய ராணுவத் தளபதியாக இருந்த விராண்டோ உட்பட. ஒருவரையும் அனுப்பவில்லை. 2005இல் விசாரணைப் பிரிவை மூடிவிட்டார்கள். சனானாவும் ராமோஸ் ஹோர்டாவும்கூட, பெரிய அயல்நாட்டோடு பகை வேண்டாம் என்று இதை அமுக்கித்தான் வைத்தார்கள். நாட்டை நடத்துகிறவர்களின் கஷ்டம் எனக்கு விளங்குது. ஆனால் சின்னத் தப்புச் செய்த ஊர்க்காரன் பாயில் இருந்து தலை குனிய வேணும், கட்டளை போட்ட பெரிய ஆள் தன் நாட்டில் அமைச்சராக இருக்கலாம் எண்டால், அந்தத் தாய்மாருக்கு நான் என்ன சொல்லுவன்?

மணல்மேட்டான்:

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுதியதற்கு நன்றி.

தென்கடல்:

நீதி என்றால் நீதிமன்றம் பற்றியும் ஒரு வார்த்தை. 2002இல் போர்ச்சுக்கீசும் தெத்துமும் ஆட்சிமொழி ஆயின. அப்போதைய இளைஞர்கள் படித்ததெல்லாம் இந்தோனேசிய மொழியில், போர்ச்சுக்கீஸ் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம், பெரும்பாலும் வயதானவர்கள். 2005 தொடக்கத்தில் உள்ளூர் நீதிபதிகளுக்குத் தகுதித் தேர்வு வைத்தார்கள், ஒருவர்கூடத் தேறவில்லை. எல்லோரையும் திரும்பப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு வெளிநாட்டு நீதிபதிகளை உட்கார வைத்தார்கள். சொந்த நாட்டு நீதிமன்றத்தில் நிற்கிற விவசாயிக்குத் தன்மேல் என்ன குற்றம் என்றே மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் தெரிய வேண்டிய நிலை. மொழியில் பட்டவர்கள் நாம், நமக்கு இதன் வலி தெரியும்.

பக்கத்து நாடு ஆஸ்திரேலியா உதவியது என்று முதல் பதிவில் இருக்கிறது. உதவியது. ஆனால் அதே ஆஸ்திரேலியா, சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்னால், 2002 மார்ச்சில், கடல் எல்லை வழக்குகளில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்க மாட்டோம் என்று விலகிக்கொண்டது. 2004இல் எண்ணெய்ப் பேச்சு நடந்தபோது திமோர் அமைச்சரவை அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தார்கள், அதுவும் உதவித் திட்டத்தில் கட்டடத்தைப் பழுது பார்க்கிறோம் என்ற பெயரில் என்பது அவர்கள் உளவுத்துறை ஆள் ஒருவர் வாயாலேயே வெளியே வந்தது. திமோர் விடவில்லை. சர்வதேச சமரச ஆணையத்துக்கு இழுத்து, 2018 மார்ச் 6இல் நடுக்கோட்டு எல்லையை வாங்கியது. பதின்மூன்று லட்சம் மக்கள் உள்ள நாடு செய்தது இது.

அப்புறம் கியூபா. 2003 பிப்ரவரியில் அணிசேரா மாநாட்டில் பேசியதிலிருந்து தொடங்கியது, அதுவும் இதே கோலாலம்பூர்தான். கியூபா டாக்டர்களை அனுப்பியது, அதைவிட முக்கியமாகக் கிராமத்துப் பிள்ளைகளைப் பல நூறு பேராகக் கூட்டிக்கொண்டுபோய்ப் படிக்க வைத்து டாக்டராகத் திருப்பி அனுப்பியது. 2006இல் இரண்டு லட்சத்துக்கு மேல் மலேரியா நோயாளிகள் இருந்த நாடு, 2025 ஜூலையில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. கொசுவலை வந்தது வெளிநாட்டுக் காசில். வீடு வீடாக ஏறி இறங்கியது அந்த ஊர் ஆட்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நிலக்கடலை:

மலேரியாவுக்கு நானும் கை தட்டுகிறேன். ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் இருக்கிறார்கள், இன்றும். 1,800 கோடி டாலர் வெளிநாட்டில் முதலீடாக இருக்கும் நாட்டில். அதைக் கேட்காமல் என்னால் இந்த இழையை மூட முடியாது.

கணக்கர்:

கேட்க வேண்டிய கேள்விதான். அந்த 1,800 கோடியும் கரைகிறது. 3 சதவீத வரம்பை ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் மீறித்தான் எடுக்கிறார்கள், பாயு-உந்தான் வற்றிவிட்டது, இப்படியே போனால் 2030களின் நடுவில் பெட்டி காலியாகும் என்பது அவர்கள் நாட்டு நிதி அமைச்சகமே கவலைப்படும் விஷயம். தென்கரையில் கொஞ்ச நீளத்துக்கு நாலுவழிச் சாலை போட்டார்கள், அதில் வண்டியைவிட மாடுதான் அதிகம் போகிறது என்பார்கள். 2019இல் கிரேட்டர் சன்ரைஸ் என்ற எரிவாயு வயலில் பங்கு வாங்க 65 கோடி டாலர் போட்டார்கள், எரிவாயுக் குழாய் திமோருக்கு வருவதா ஆஸ்திரேலியாவுக்குப் போவதா என்ற இழுபறியில் இன்றுவரை அங்கிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அந்தக் காசில் எத்தனை ஊருக்குத் தண்ணீர்க் குழாய் போட்டிருக்கலாம் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது.

எனக்குத் தெம்பு தருவது 2025 செப்டம்பர்தான். 65 எம்.பி.க்களுக்கும் புது டொயோட்டா பிராடோ வாங்குகிறோம் என்று முடிவெடுத்தார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாடாளுமன்றத்துக்கு எதிரே திரண்டார்கள், கண்ணீர்ப் புகை, டயர் எரிப்பு, எல்லாம் நடந்தது. மூன்றே நாளில் கார் திட்டத்தைக் கைவிட்டார்கள், எம்.பி.க்களுக்கான வாழ்நாள் பென்ஷனையும் ரத்து செய்யச் சம்மதித்தார்கள். 2006இல் இதே தெருவில் கேள்வி கேட்டவனும் பதில் சொன்னவனும் துப்பாக்கி வைத்திருந்தார்கள். இந்தமுறை யார் உயிரும் போகவில்லை.

மணல்மேட்டான்:

பதிவாளர் ஐயா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பாட்டியின் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

பழைய பதிவாளர்:

வரி ஒன்றும் இல்லை, இது ஓட்டுப் போடுவதற்கு என்று சொல்லச் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை, ஆனால் ஆகஸ்ட் 30 காலை ஏழு மணிக்கு முன்னால் வரிசையில் அதே துணிமுடிச்சோடு நின்றார், அதை நான் பார்த்தேன். அந்தத் தேர்தலில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள்.

அவரை அதற்கப்புறம் பார்க்கவில்லை. 2008இல் முதியோர் பணம் வந்தது என்று கணக்கர் எழுதியதைப் படித்தவுடன் நான் செய்தது கழித்தல் கணக்கு. 1941 என்றால் 67 வயது. அறுபதுக்கு மேல் என்பதற்கு அட்டையில் உள்ள வருடத்தைத்தான் பார்த்திருப்பார்கள். ஜப்பான்காரன் கதையைக் கேட்காமல் அன்றைக்கு நான் அவசரத்தில் ஏதோ ஒரு வருடத்தைப் போட்டிருந்தால், ஒரு பத்து வருடம் குறைத்து எழுதியிருந்தால், அந்த மாதம் 20 டாலர் அவருக்குக் கிடைத்திருக்காது.